ஆல்வேஸ் என்று சொல்லிவிட்டு வந்த பிறகு

என் மகள் வீட்டுக்கு வெளியே பேச மாட்டாள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆங்கில வகுப்பில் சேர்ந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. மின்விசிறி மறுபக்கமாகச் சுற்றினால் காற்று மேலே போகுமா, எதிர்வீட்டு நாய்க்கு இன்றைக்குச் சனிக்கிழமை என்று தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் அவள் அப்பா வந்து படுத்ததும், அவர் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து முந்தைய நாள் முழுவதையும் ஒப்பிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே "ம்… அப்புறம்?" என்பார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் இரண்டாவது மாடியிலிருந்து படியிறங்கத் தொடங்கினால், முதல் வளைவிலேயே பேச்சு நின்றுவிடும். ஸ்ரீரங்கத்துத் தெருவில் யார் கன்னத்தைக் கிள்ளி என்ன கேட்டாலும் என் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் யூ.கே.ஜி. வரை படித்தாள். அங்கே அவள் குரலை யாரும் கேட்டதில்லை. மருத்துவரிடம் காட்டினோம். காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு நாளாகும், வற்புறுத்தாதீர்கள் என்றார். வற்புறுத்தாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

இந்த வாய் திறக்காத குணம் என்னிடமிருந்துதான் அவளுக்கு வந்ததோ என்ற பயம் எனக்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். பிறகு எம்.எஸ்ஸி. கணிதம். காகிதத்தில் எழுதச் சொன்னால் ஆங்கிலத்தில் பிழை வராது. எந்தக் காலத்துக்கு எந்த வினை, எங்கே 'ஹேவ்', எங்கே 'ஹேட்' என்பதெல்லாம் எனக்குச் சூத்திரங்கள். ஆனால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் சூத்திரத்தைத் தேடி எடுப்பதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். ஒரு கல்லூரி வேலைக்கான நேர்காணலில் அப்படித்தான் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பிள்ளைக்கு அது நேரக்கூடாது என்றுதான் டவுனில் நல்ல ஆங்கிலப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு இடம் தேடினோம்.

முதலில் போன பள்ளியில் அவளிடம் பெயர் கேட்டார்கள். துப்பட்டா வாய்க்குள் போயிற்று. அங்கிருந்த அம்மையார் என்னைப் பார்த்து, வீட்டில் பேசுவாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எஸ் மேடம், ஷி இஸ் ஸ்பீக்கிங் டெய்லி" என்றேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின்மேல், அது தப்பு என்று எனக்கு உறைத்தது. தினமும் நடப்பதற்கு 'இஸ் ஸ்பீக்கிங்' வராது. 'ஸ்பீக்ஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா மண்டபம் வரும்வரை அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த பள்ளியில் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று நானும் வாயைத் திறக்கவில்லை. தாயும் மகளும் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். இரண்டு இடத்திலும் சீட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ தப்பா பேசினதுக்கா சீட் தரல? அவ பேசல, அதான் தரல" என்றார் கணவர்.

"அவ பேசலைன்னா நாமளாவது பேசணும்ல?"

"பேசு. யார் வேண்டாங்குறா?"

தென்னூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல் பிள்ளைகளின் பள்ளி நேர்காணலுக்காக வந்த அம்மாக்கள். எல்லாரையும் இருவர் இருவராக உட்காரவைத்தார் மிஸ். எனக்கு ஜோடியாக வந்தவள் அரியமங்கலத்துக்காரி. கணவருக்கு அங்கே லேத் பட்டறை. என்னைவிடச் சின்னவள், வந்த அன்றைக்கே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் என் மகள் வயதில் ஒரு பெண்.

"என் பொண்ணு வாயைத் திறந்தா மூட மாட்டாக்கா. இன்டர்வியூல எங்க வீட்டுச் சண்டையெல்லாம் சொல்லிடுவாளோன்னுதான் எனக்கு பயம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பொறாமையும் வந்தது.

அவள் தப்புக்குப் பயப்படாதவள். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் எழுந்து நின்று, "டெய்லி ஐ ஆம் கோயிங் டு மார்க்கெட்" என்று கணீரென்று சொன்னாள்.

"தினமும் போறதுக்கு 'ஆம் கோயிங்' வேண்டாம்மா. 'கோ' போதும்" என்றார் மிஸ்.

"அப்ப 'ஆம் கோயிங்' எப்ப மிஸ் வரும்?"

"இப்ப, இந்த நிமிஷம், போயிட்டே இருந்தா."

"நான் எப்பப் பார்த்தாலும் பஸ்லதானே மிஸ் இருக்கேன்?"

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். நான் மட்டும், அப்படி எப்போதும் நடந்துகொண்டே இருப்பதை எந்தக் காலத்தில் சொல்வது என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் பலகையில் ஓர் ஏணி வரைந்தார். மேல்படியில் ஆல்வேஸ். அதற்குக் கீழே யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி. தரையில் நெவர். நேர்காணலில் எல்லாக் கேள்வியும் 'எவ்வளவு அடிக்கடி' என்றுதான் வரும், இந்த ஏணியில் ஒரு படியைப் பிடித்துக்கொண்டால் விழ மாட்டீர்கள் என்றார். சொல்லை எங்கே வைப்பது என்பதையும் காட்டினார். 'இஸ்', 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால், மற்ற வினை வந்தால் அதற்கு முன்னால். எனக்கு இது பிடித்திருந்தது. கணக்குப்போல இருந்தது. வீட்டைப் பற்றி எழுதிவரச் சொன்னதும் ஒழுங்காக எழுதிக்கொண்டு போனேன். என் கணவர் மாலையில் அரிதாகத்தான் வீட்டில் இருப்பார். இரவில் நான் சில நேரம் கதை சொல்வேன். என் மகள் அடிக்கடி மொபைல் பார்ப்பாள். வீட்டில் நாங்கள் ஒருபோதும் ஆங்கிலம் பேசுவதில்லை.

மிஸ் படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "கிராமர்ல ஒரு தப்பு இல்லை. ஆனா இதைக் கொண்டுபோய் அங்க சொன்னீங்கன்னா வாசலோட அனுப்பிடுவாங்க."

"இதுதானே மிஸ் உண்மை?"

"உண்மைதான், யாரு இல்லைன்னா? ஒவ்வொண்ணையும் ரெண்டு படி மேல ஏத்துங்க. அவ்வளவுதான்."

ஏற்றினேன். கணவர் அடிக்கடி மகளுக்குப் பாடத்தில் உதவினார். நான் வழக்கமாகக் கதை படித்தேன். மொபைல் இரண்டு படி இறங்கி அரிதாகிவிட்டது. ஒருபோதும் இல்லை என்பது மட்டும் இரண்டு படியில் நிற்கவில்லை, உச்சிவரை ஏறிப்போய் 'வீ ஆல்வேஸ் ஸ்பீக் இன் இங்கிலீஷ் அட் ஹோம்' என்று நின்றது. அரியமங்கலத்துத் தங்கைக்கு எழுத வராது என்பதால் அவளுக்கும் நானே எழுதிக்கொடுத்தேன். இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நல்ல வீடு என்றால் ஒரே மாதிரித்தானே இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

அடுத்த பள்ளியில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் நேர்காணல். அவள் எனக்கு முந்தி. உள்ளே போனவள் வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்க சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து விடாம சொல்லிட்டேன்! ஹஸ்பண்ட் ஹெல்ப் பண்றது, கதை படிக்கிறது, எல்லாமே. மேடம் வெரி குட்னு சொன்னாங்க."

இரண்டு பேருக்கும் ஒன்றையே எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எல்லாமேவா?"

"எல்லாமேதான். ஏன்க்கா?"

அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். கணவரின் கையைப் பிடித்து, "ஏங்க, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவ சொல்லிட்டா" என்றேன். "வேற சொல்லு" என்றார். வேறு என்னிடம் என்ன இருந்தது? உண்மை இருந்தது, ஆனால் அதை நான் பேசிப் பழகியிருக்கவில்லை.

பிரின்சிபால் மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவந்து என் மகளுக்கு எதிரில் குனிந்து பெயர் கேட்டார். நிறம் கேட்டார். பொம்மை ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அவள் பொம்மையைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், துப்பட்டாவைத் தேடினாள். நான் அன்றைக்குப் புடவையில் போயிருந்தேன். முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். மேடம் நிமிர்ந்து, வீட்டில் எப்படி என்று என்னிடம் கேட்டார்.

"வீ ஆல்வேஸ் ஸ்பீக் இன் இங்கிலீஷ் அட் ஹோம், மேடம்."

தடங்கல் இல்லாமல் வந்தது. என் வாழ்க்கையில் ஓர் ஆங்கில வாக்கியம் அவ்வளவு சுத்தமாக என் வாயிலிருந்து வந்ததில்லை. கணவர் என் பக்கம் திரும்பினார். மகளும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. முந்தானை வாயிலிருந்து நழுவியிருந்தது.

"இன்னிக்கு வந்த பேரன்ட்ஸ் எல்லாரும் இதையே சொல்றாங்க. சந்தோஷம்" என்றார் மேடம். அது கேலியா, நிஜமான சந்தோஷமா என்று இன்றுவரை நான் யோசிக்கிறேன். பிறகு சொன்னார்: "வீட்டுலயும் இங்கிலீஷ், இங்கயும் இங்கிலீஷ்னா குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. தானா வாயைத் திறப்பா. அதை நம்பித்தான் சீட் தரேன். குவார்ட்டர்லி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பேசலைன்னா வேற ஸ்கூல்தான் நீங்க பார்க்கணும். வீட்டுல விட்டுடாதீங்க, என்ன?"

"ஷ்யூர் மேடம்" என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கணவர் கேட்டார்: "எப்பலேருந்து நாம வீட்டுல இங்கிலீஷ் பேசுறோம்?"

"இன்னிலேருந்து" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அரியமங்கலத்துத் தங்கைக்கும் சீட் கிடைத்துவிட்டது. போனில், "நீங்க நிஜமாவே வீட்டுல பேசுறீங்களாக்கா?" என்று ஆச்சரியப்பட்டாள். "அய்யோ, நாம ஆல்வேஸ்னா அவங்க காதுல சம்டைம்ஸ்னு விழும்க்கா. எத்தனை அம்மாவைப் பார்த்திருப்பாங்க! எங்க வீட்டுல இங்கிலீஷ் பேசினா எங்க மாமியாருக்கு மயக்கம் வந்துடும்." அவளால் அப்படி இருக்க முடிந்தது. அவள் பெண் பேசுகிறாள். எனக்கு அந்த வாக்கியம் கொடுத்துவிட்டு வந்த வாக்காக நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில். அதற்குள் அதை நிஜமாக்கிவிட்டால் நான் பொய் சொன்னதாகவும் ஆகாது, பிள்ளையும் பேசிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஆங்கிலத்தில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. குழம்பு தாளிப்பதை என்ன சொல்வது? தட்டிலிருந்து எடுத்த கையைச் சோற்றுப் பாத்திரத்தில் வைக்கப்போகும் பிள்ளையை 'எச்சில்' என்ற ஒரு சொல்லால் தடுத்துவந்தவள், இப்போது முழு வாக்கியம் கோப்பதற்குள் அவள் கையை வைத்தே விடுவாள். கணவர் வேலைக்குக் கிளம்பும்போது "ஐ ஆம் கோயிங்" என்று சொல்லச் சொன்னேன். செருப்பைப் போட்டபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"போறேன்னு சொல்லிட்டுப் போகச் சொல்றியா என்னை? நைட் ஷிப்ட்டுக்கு?"

"இங்கிலீஷ்ல அப்படித்தாங்க."

"அவங்க ஊர்ல அப்படிப் போகட்டும். ஐ வில் கோ அண்ட் கம்." சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது தப்பு என்று தெரிந்தும் அதை மட்டும் நான் திருத்தவில்லை.

மகளைத் திருத்தினேன்.

"அம்மா, அந்தக் காக்கா இருக்குல்ல…"

"இன் இங்கிலீஷ், தங்கம்."

"அம்மா… க்ரோ…"

"தி க்ரோ இஸ்…?"

"இஸ்…"

"சிட்டிங். தி க்ரோ இஸ் சிட்டிங். எங்க, சொல்லு."

"தி க்ரோ இஸ் சிட்டிங்."

"வெரி குட்!"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காக்கா என்ன செய்தது என்று சொல்லவந்தாளோ, அது அங்கேயே நின்றுபோயிற்று. நேற்று நடந்ததைச் சொல்லும்போது "கம்" என்பாள், "கேம்" என்பேன். இன்னொரு முறை சொல்லவைப்பேன். நான் கத்தவில்லை, அடிக்கவில்லை. எல்லாவற்றையும் சிரித்த முகத்துடன்தான் செய்தேன். அவள் சொன்ன வாக்கியங்கள் நாளுக்கு நாள் சரியாகிக்கொண்டு வந்தன. அதனால் அவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டும் வந்தன என்பதைக் கவனிக்க எனக்கு நாளாயிற்று. 'ஐ வான்ட் வாட்டர்.' 'ஐ ஆம் ஃபினிஷ்ட்.' 'மே ஐ கோ?' கோடை விடுமுறையின் பாதியில் வீடு அமைதியாக இருந்தது. மின்விசிறியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையில் கணவர் வந்து படுத்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவர் வழக்கம்போல் "ம்… அப்புறம்?" என்பார். அவள் வாயைத் திறப்பாள், பிறகு சமையலறைப் பக்கம் பார்ப்பாள். நான் அங்கே நின்றிருப்பேன்.

வகுப்பில் 'யெட்' என்ற சொல்லைப் படித்திருந்தோம். ஷி ஹேஸ் நாட் ஸ்போக்கன் யெட். இன்னும் பேசவில்லை, ஆனால் பேசக்கூடும் என்ற நம்பிக்கை அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது என்று மிஸ் சொன்னார். அந்தச் சொல் தெரியாமலேயே இத்தனை வருடம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்குள் பேசியவள் பேச்சை நிறுத்தியதற்கு எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாத்திரம் துலக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். இதைச் செய்யாவிட்டால் செப்டம்பரில் பள்ளி போய்விடும். செய்தால் என்ன போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. நிறுத்திவிடலாமா? இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் வாய் திறந்துவிடுமோ? அந்த ஒரு வாரத்தில் நிறுத்தியதால்தான் கெட்டது என்று பிறகு ஆகிவிட்டால்? நடுமதியத்தில் குழாயடியில் நின்று அழுதிருக்கிறேன். சத்தம் வராமல்தான். அவள் என்ன ஆச்சு என்று கேட்பாள், அதையும் ஆங்கிலத்தில் கேள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருநாள் காலையில் கணவர் பல் துலக்கிவிட்டுச் சமையலறைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "பாப்பாவுக்குப் பல்லு ஆடுது, தெரியுமா?"

"எந்தப் பல்லு?"

"கீழ் வரிசையில முன்பல்லு. நல்லாவே ஆடுது. ரொம்ப நாளா ஆடுது போல."

"உங்ககிட்ட சொன்னாளா?"

"பாத்ரூம்ல. என்னை உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திட்டு, குழாயைத் திறந்துவிட்டுட்டுச் சொன்னா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர்தான் எட்டி நிறுத்தினார்.

"ஏன், என்கிட்ட சொன்னா என்னவாம்?"

அவர் வழிந்த பாலைத் துடைத்தார். நான் விடவில்லை.

"அம்மாகிட்ட பல்லுன்னு சொன்னா, பல்லுக்கு அப்புறம் என்னன்னு கேக்கும்னு சொல்றா."

இத்தனை நாளும் அவள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். முறுக்கை வேண்டாம் என்று தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். கோடை வெயிலுக்கு வாய்க்குப் பிடிக்கவில்லை என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அவளுக்கு முதல் பல் ஆடுகிறது, விழப்போகிறது, பயமாக இருக்கிறது. அதைச் சொல்ல என் வீட்டில் குழாய்த் தண்ணீரின் சத்தம் வேண்டியிருந்திருக்கிறது.

அன்றைக்கே நிறுத்தினேன். அவளை மடியில் உட்காரவைத்து, "இனிமே வீட்டுல இங்கிலீஷ் வேண்டாம் தங்கம். நீ எப்பவும் போலப் பேசு" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "பல்லு ஆடுதாமே, அம்மாகிட்ட காட்டேன்" என்றேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

சொன்னவுடன் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. ஆகவில்லை. நான் தமிழில் கேட்டால் அவள் 'எஸ்', 'நோ' என்றாள். நான் சமையலறையை விட்டு மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால் உள்ளே அப்பாவிடம் பேசுவாள் என்று நினைக்கிறேன். திரும்பிவந்தால் பேச்சு இருக்காது. மேடத்துக்குக் கொடுத்த சொல்லையும் விட்டாயிற்று, பிள்ளையின் பேச்சும் திரும்பவில்லை. கணவர், "விடு, விடு. எல்லாம் வருவா" என்றார். எப்போது என்று கேட்டேன். "அதைக் கேக்காம இருந்தா வருவா" என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருந்தேன். அவள் எதிரில் நான் ரொம்பக் குறைவாகப் பேசினேன். தட்டில் சோற்றைக் குழைய மசித்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்த ஒரு பிற்பகல். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் வந்து என் எதிரில் நின்றாள். உதட்டோரம் ரத்தம். உள்ளங்கையை நீட்டினாள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பல்.

கீரையைக் கீழே வைத்தேன். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பயம்.

"அப்பா தூங்குறாங்க" என்றாள்.

அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள். எழுப்பக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். புரிந்தது என்று தலையை ஆட்டினேன்.

"விழுந்துடுச்சு."

"ம்."

"ரத்தம் நிக்குமா?"

"நிக்கும். கொப்புளிக்கலாம் வா."

கொப்புளித்தாள். வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தாள். ஓட்டைக்குள் நாக்கை விட்டுப் பார்த்தாள். திரும்ப முளைக்குமா என்று கேட்டாள். சாணியில் உருட்டிக் கூரைமேல் போட்டால் சீக்கிரம் முளைக்கும் என்றேன். நான் சின்ன வயதில் அப்படித்தான் போட்டேன்.

"சாணியா? மாட்டுச் சாணியா? கையால தொடணுமா?"

"நான் தொடறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். படியின் முதல் வளைவு வந்தது. அவள் பேச்சு நின்றது. முதல் மாடியில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியை கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மகளின் உதட்டைப் பார்த்துவிட்டு, "வாட் ஹேப்பன்ட், பேபி?" என்று குனிந்தார். துப்பட்டா வாய்க்குள் போயிற்று.

"பல்லு விழுந்துடுச்சுங்க" என்றேன்.

"அவளைச் சொல்ல விடுங்க. அந்த ஸ்கூல்ல சேர்த்திருக்கீங்கல்ல? இப்பவே இங்கிலீஷ்ல பதில் சொல்லிப் பழகட்டும். கமான், டெல் ஆன்ட்டி."

மகள் என்னைப் பார்த்தாள். மேடத்தின் அறையில் பார்த்த அதே பார்வை. என் நாக்கு நுனியில் வாக்கியம் தயாராகவே இருந்தது. மை டூத் ஹேஸ் ஃபாலன் அவுட். ஒரு பிழை இல்லாத வாக்கியம். அதைச் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்லவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவேளை இப்போது சொல்லிவிடுவாளோ, இந்தப் படியில் ஆரம்பித்துவிடுமோ என்றும் தோன்றியது.

"இப்ப வேண்டாங்க. வாயில ரத்தம்" என்றேன். "சாணி தேடிப் போயிட்டிருக்கோம்."

"ஸ்ரீரங்கத்துல சாணிக்கா பஞ்சம்?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

தெருமுனையிலேயே கிடைத்தது. ஒரு பழைய காகிதத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நேராக மொட்டைமாடிக்கு ஏறினோம். மொட்டைமாடி வீடா வெளியா என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள். கொடியில் மற்றவர்கள் துணிகள் இருந்தன, ஆட்கள் இல்லை. நான் பல்லைச் சாணிக்குள் வைத்து உருட்டினேன்.

"அம்மா, நீயே போடு. எனக்கு எட்டாது." பாதிக் குரலில்தான் சொன்னாள்.

மாடிப்படி அறையின் மேல்தளத்துக்கு வீசினேன். போய் விழுந்த சத்தம் கேட்டது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஸ்கூல்ல பல்லு விழுந்தா யார்கிட்ட சொல்லணும்?"

"மிஸ்கிட்ட."

"இங்கிலீஷ்லயா?"

கையில் சாணியுடன் நின்றேன். எப்படி வேண்டுமானாலும் சொல் என்று சொல்லலாம். ஆனால் அங்கே எப்படி வேண்டுமானாலும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இன்னொரு பொய்யை எடுத்து அவளிடம் நீட்ட என்னால் முடியவில்லை.

"ஆமாம், இங்கிலீஷ்லதான்" என்றேன்.

அவள் நாக்கை ஓட்டைக்குள் விட்டு எடுத்தாள்.

"அப்ப நான் வாயிலயே வெச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்து உன்கிட்ட சொல்றேன்" என்றாள்.